பனி உருகும் நாளில் ஏறும் கோடு: டெலவேர் படுகையில் ஓடைகளைக் கவனிக்கும் தன்னார்வலர்கள்

கோடையில் மழை கொட்டும்போது, ஓடைக்குள் வைத்த சென்சார் வரையும் கிராஃபில் இரண்டு கோடுகள் எதிரெதிர்த் திசையில் போகும். ஓடையின் ஆழத்தைக் காட்டும் கோடு விறுவிறுவென்று ஏறும். தண்ணீரின் மின்கடத்துதிறனைக் காட்டும் கோடு அதே வேகத்தில் சரியும். மழைத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மிகக் குறைவு, அது வந்து கலந்ததும் ஓடைத் தண்ணீர் நீர்த்துப்போகிறது, அவ்வளவுதான். ஜனவரியில் கதை வேறு. பனி பெய்து, இரண்டு நாள் கழித்து வெயில் அடித்து உருகத் தொடங்கினால் இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஏறும். ஆழம் சில அங்குலம்தான் கூடியிருக்கும். கடத்துதிறனோ பல மடங்கு எகிறி நிற்கும். உருகி வருவது வெறும் பனியாக இருந்தால் அந்தக் கோடு இறங்கியிருக்க வேண்டும். ஏறுகிறது என்றால், பனியோடு சேர்ந்து சாலையில் தூவிய உப்பும் ஓடைக்குள் இறங்குகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் தென்கிழக்கு மூலையில் இந்தக் கோடுகளை வாராவாரம் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், டிரௌட் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள், தோட்டத்தில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தவர்கள். இடுப்பு வரை ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, சென்சாரைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவது இவர்கள் வேலை. அந்த ஏற்பாடு எப்படி அமைந்தது, எது பலித்தது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எந்த ஓடைகள், யார் வீட்டுத் தண்ணீர்

டெலவேர் ஆறு நியூயார்க் மாநிலத்து மலைகளில் பிறந்து, பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, டெலவேர் மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு அட்லாண்டிக்கில் போய்ச் சேர்கிறது. ஏறக்குறைய 330 மைல் நீளம். பிரதான ஓட்டத்தின் குறுக்கே ஓர் அணைகூடக் கிடையாது. கிழக்கு அமெரிக்காவின் பெரிய ஆறுகளில் இது அபூர்வம். இந்தப் படுகையை நம்பிக் குடிநீர் குடிப்பவர்கள் 1.3 கோடிக்கும் மேல். ஃபிலடெல்ஃபியா இதில் அடக்கம். மேல்கிளைகளில் உள்ள நீர்த்தேக்கங்கள் வழியாக நியூயார்க் நகரமும் இதைத்தான் குடிக்கிறது.

ஆனால் ஆறு என்பது ஆற்றில் தொடங்குவதில்லை. ஒயிட் கிளே, ரெட் கிளே, பிராண்டிவைன், ரிட்லி, கிரம், டார்பி, விஸ்ஸஹிக்கன் என்று வீட்டுக்கொல்லைகளுக்குப் பின்னால் ஓடும் கிரீக்குகள்தான் அதன் நரம்புகள். தாண்டிக் குதித்துவிடலாம் என்கிற அளவில் பல ஓடைகள் உண்டு. அரசின் நிரந்தர அளவீட்டு நிலையங்கள் பெரும்பாலும் பெரிய ஓட்டங்களில்தான் இருக்கும். சின்ன ஓடைக்கு எப்போதாவது ஒருவர் பாட்டிலோடு வந்து ஒரு மாதிரி எடுத்துக்கொண்டு போவார். அவர் வந்த நாள் வெயில் நாளாக இருந்தால், ஓடை நல்ல பிள்ளையாகக் காட்சி தரும்.

இந்த வட்டாரத்தில் சின்ன ஓடைகளுக்கு ஒரு நல்வாய்ப்பு: அவற்றையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட ஒரு நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. அவன்டேல் என்ற சிற்றூரில், ஒயிட் கிளே கிரீக்கின் கரையில் 1967இல் தொடங்கிய ஸ்ட்ரௌட் நீர் ஆராய்ச்சி மையம். ஆரம்பத்தில் அது ஃபிலடெல்ஃபியா இயற்கை அறிவியல் அகாடமியின் கள ஆய்வுக்கூடம். அந்த அகாடமியில்தான் ரூத் பேட்ரிக் இருந்தார். தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது, அதில் எத்தனை வகை உயிர்கள் வாழ்கின்றன என்று எண்ணிப் பார்த்தால்தான் ஓடையின் உடல்நிலை தெரியும் என்பதை 1940களிலேயே களத்தில் செய்து காட்டியவர். 2013இல், 105ஆம் வயதில் மறைந்தார். ஸ்ட்ரௌட் மையத்தின் முதல் இயக்குநர் ராபின் வான்னோட்டும் சகாக்களும் 1980இல் எழுதிய ஆய்வுரை, ஓடை முதல் பேராறு வரை ஒரே தொடர் உயிரமைப்பாகப் பார்க்கச் சொன்னது. இன்றும் ஓடைச் சூழலியல் படிப்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

2014இல் வில்லியம் பென் அறக்கட்டளை இந்தப் படுகைக்கென்று 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. காடுகளைக் காப்பது, பண்ணை ஓரங்களில் மரம் நடுவது, நகர மழைநீரைத் தேக்கி வடிப்பது என்று பல வேலைகள். 50க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்தன. மரம் நட்டாயிற்று, சரி, தண்ணீர் தேறியதா என்று யாராவது பார்க்க வேண்டுமே? எல்லா ஓடைக்கும் சம்பளத்துக்கு ஆள் போட முடியாது. அந்த இடத்தில்தான் தன்னார்வலர்களும் மலிவு விலைச் சென்சார்களும் சந்தித்துக்கொண்டார்கள்.

பென்சில்வேனியாவுக்கு இது புதிய யோசனையும் அல்ல. கார்லைல் நகரத்து டிக்கின்சன் கல்லூரியில் ‘அலார்ம்’ என்ற அமைப்பு 1986 முதலே ஊர்மக்களுக்கு நீர்ச் சோதனை கற்றுக்கொடுத்து வந்தது. முதலில் அமில மழைக்காக. பிறகு மார்செல்லஸ் பாறைப்படிவத்தில் எரிவாயுக் கிணறுகள் பெருகியபோது, 2010 முதல், கடத்துதிறன் மீட்டரைக் கையில் கொடுத்து ஓடைகளுக்கு அனுப்பியது. அந்தக் கிணறுகளிலிருந்து வெளிவரும் கழிவுநீர் கடல்நீரைவிட உப்புக்கரிப்பது. ஒரு லாரித் தண்ணீர் ஓடையில் கசிந்தாலும் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். டெலவேர் படுகையில் அந்தக் கிணறுகள் வரவே இல்லை. படுகை ஆணையம் பத்தாண்டுகள் நிறுத்திவைத்து, 2021 பிப்ரவரியில் ஒரேயடியாகத் தடை செய்தது. வேடிக்கை என்னவென்றால், எரிவாயு இல்லாத இடத்திலும் உப்பு வந்து சேர்ந்தது, வேறு வழியாக.

டப்பாவுக்குள்

கரையில் ஒரு கம்பம். அதில் தண்ணீர் புகாத ஒரு கெட்டி பிளாஸ்டிக் பெட்டி, மேலே உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய சோலார் பேனல். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் குழாய்க்குள் புகுந்து ஓடைக்கு இறங்குகிறது. படுகையில் அடித்து இறக்கிய கம்பியில் சென்சார்களைக் கட்டியிருப்பார்கள். வழிப்போக்கர் பார்த்தால் மின்வாரியத்துச் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு போவார்.

பெட்டிக்குள் இருப்பது மேஃப்ளை என்ற சர்க்யூட் பலகை. ஸ்ட்ரௌட் மையத்தில் ஷானன் ஹிக்ஸ் என்ற பொறியாளர் வடிவமைத்தது. கல்லூரி மாணவர்கள் விளக்கு எரியவைத்துப் பழகும் ஆர்டுவினோ என்ற சிறு பலகையின் உறவுதான் இது. ஓடைக்கரையில் மாதக்கணக்கில் தனியாகக் கிடக்க வேண்டும் என்பதால் கூடுதலாகச் சில வசதிகள்: நேரம் தவறாத ஒரு கடிகாரம், மெமரி கார்டு, லித்தியம் பேட்டரியும் சோலாரும் மாட்ட இடம், செல்போன் வழியாகத் தரவு அனுப்பும் சிறு மாட்யூல் செருகும் இடம். பலகை பெரும்பாலான நேரம் தூங்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, சென்சார்களைக் கேட்டு, கார்டில் எழுதி, கோபுரத்துக்கு அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். பலகையின் விலை, வெளிவந்த காலத்தில், 100 டாலருக்கும் கீழே. சர்க்யூட் படமும் நிரலும் என்விரோ டிஐஒய் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளலாம்.

மலிவு என்று சொன்னது பலகையைத்தான். பணம் முழுக்கச் சென்சார்களில்தான் போகிறது. கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரு சென்சார். கலங்கல் அளக்க இன்னொன்று. இவற்றில் காசு மிச்சம் பிடித்த இடங்களில் பிறகு அழுதுதான் தீர வேண்டியிருக்கும்.

கடத்துதிறன் என்றால் என்ன என்று நம் ஊர் வாசகருக்கு விளக்கவே வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து உங்கள் டம்ளரில் முக்கி, ‘பாருங்க சார், 900’ என்று பயமுறுத்துகிறாரே, அந்த டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் அளப்பது கடத்துதிறனைத்தான். தண்ணீரில் அயனிகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு எளிதாக மின்சாரம் பாயும். அந்த எண்ணை ஒரு காரணியால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது பேனா. ஓடைக்காரர்கள் பெருக்காமல் அப்படியே, மைக்ரோசீமென்ஸ் என்ற அலகில் வைத்துக்கொள்கிறார்கள். மழைநீர் என்றால் பத்து, இருபது என்று சில பத்துகளில் நிற்கும். காட்டோரத்து நல்ல ஓடை 100, 200 காட்டும். கடல் 50,000. பனி உருகும் நாளில் வீடுகளும் கடைகளும் நெருக்கமான புறநகர் ஓடை சில ஆயிரங்களைத் தொடும்.

இந்த அளவீட்டின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. சுண்ணாம்புப்பாறைப் பகுதியில் ஓடும் ஓடை இயல்பிலேயே 500, 600 காட்டும். அது நோய் அல்ல, அதன் பிறவிக்குணம். வேலி ஃபோர்ஜ் பூங்கா வழியாகப் போகும் வேலி கிரீக் அப்படிப்பட்டது. சுண்ணாம்பு ஊற்றுகள் தரும் குளிர்ந்த தண்ணீர், அதில் தானாகவே இனப்பெருக்கம் செய்யும் பழுப்பு டிரௌட், கூடவே பென்சில்வேனியா டர்ன்பைக் நெடுஞ்சாலையின் வடிகால். (அந்த மீனைப் பிடிக்கலாம், தின்னக் கூடாது. பாவோலி ரயில் பணிமனையிலிருந்து கசிந்த பி.சி.பி. ரசாயனத்தால் 1980களின் நடுவில் வந்த தடை அது. மீன் பிடிப்பவர்களெல்லாம் பிடித்ததைத் திரும்ப விட்டுவிட, மீன்கள் செழித்துவிட்டன. எதிலிருந்து எது விளையும் என்று சொல்ல முடியாது.) ஆக, வெறும் எண்ணைப் பார்த்து ஓடைகளை வரிசைப்படுத்தக் கூடாது. ஒவ்வோர் ஓடைக்கும் அதன் இயல்புநிலை எது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஓர் ஆண்டாவது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிரஷ்

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி எது என்று என்னைக் கேட்டால், பலகையையோ செல்போன் கோபுரத்தையோ காட்ட மாட்டேன். பழைய பல் தேய்க்கும் பிரஷைத்தான் காட்டுவேன்.

தண்ணீருக்குள் எதை வைத்தாலும் சில நாளில் அதன்மேல் வழுவழுவென்று பாசி படரும். கலங்கல் சென்சார் ஒளியை அனுப்பி, தண்ணீரில் மிதக்கும் துகள்கள் எவ்வளவு திருப்பி எறிகின்றன என்று பார்க்கும் கருவி. அதன் கண்ணாடியில் பாசி ஒட்டினால் அதற்கு உலகமே கலங்கலாகத் தெரியும். கிராஃபில் இது அழகாகப் பிடிபடும்: மழையே இல்லாத வாரத்தில் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே வரும், தன்னார்வலர் வந்து கழுவிய அந்த ஐந்து நிமிடத்தில் செங்குத்தாகக் கீழே விழும். ரம்பத்தின் பல் போல. பல்லைப் பார்த்தாலே யார் ஒழுங்காக வந்துபோகிறார், யார் மட்டம் போட்டார் என்று சொல்லிவிடலாம்.

கடத்துதிறன் சென்சாருக்கு வேறு வகைச் சோதனை. வெள்ளத்தில் வந்த மணல் அதன் இடுக்கில் அடைத்துக்கொண்டால் எண் குறைவாகக் காட்டும். அக்டோபரில் இலையுதிர் காலம். ஒரே இரவில் ஒரு சாக்கு இலை வந்து கம்பியில் சுற்றிக்கொள்ளும். கோடையில் ஓடை வற்றினால் சென்சார் வெளியே தலை காட்டும். அப்போது கடத்துதிறன் பூஜ்யத்துக்கு விழும், வெப்பநிலை பகலில் காற்றோடு சேர்ந்து ஏறி இரவில் இறங்கும். ஓடை சுத்தமாகிவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால் அவர் புதுசு என்று அர்த்தம்.

குளிர்காலம்தான் உண்மையான தலைவலி. உப்பைப் பார்ப்பதற்கென்றே வைத்த சென்சார், உப்பு வரும் மாதங்களில்தான் உறைபனியில் மாட்டிக்கொள்கிறது. ஆழத்தை அளப்பது உள்ளே இருக்கும் மெல்லிய அழுத்தத் தகடு. சுற்றியிருக்கும் தண்ணீர் கெட்டியானால் தகடு கெட்டுப்போகும். அதனால் ஓட்டம் நிற்காத, கொஞ்சம் ஆழமான இடமாகத் தேட வேண்டும். ஆழமான இடத்திலோ வெள்ளத்தின்போது மரக்கட்டை வந்து இடிக்கும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் இடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் ஓடையிலும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டியதுதான்.

அதனால் வழக்கமான வருகை என்பது இப்படி. முதலில் கழுவுவதற்கு முன் ஒரு கையடக்க மீட்டரைச் சென்சார் பக்கத்தில் முக்கி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பிரஷால் தேய்த்து, சுற்றியுள்ள குப்பையை அகற்ற வேண்டும். மறுபடி ஒரு முறை மீட்டர். நட்டு வைத்திருக்கும் அளவுகோலில் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டும். நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். அரை மணி வேலை, சில நாள் விரல் மரத்துப்போகும் வேலை. கழுவுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம்தான், கடந்த இரண்டு வாரத் தரவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான ஒரே சாட்சி. அந்த நோட்டு இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் சேர்ந்த ஆயிரக்கணக்கான எண்களும் வெறும் எண்கள்.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை நடத்தும் ‘மாஸ்டர் வாட்டர்ஷெட் ஸ்டூவர்ட்’ என்ற பயிற்சித் திட்டம் இதற்கு ஆட்களைத் தயார் செய்து தந்தது. மாவட்டவாரியாகப் பயிற்சி, பிறகு ஆண்டுதோறும் இவ்வளவு மணி நேரம் உழைப்பதாக ஒப்பந்தம். இதுவும் சென்சாருக்குக் குறையாத கண்டுபிடிப்பு என்பேன். ‘ஆர்வமுள்ளோர் வருக’ என்று அறிவித்தால் திறப்பு விழாவுக்கு நாற்பது பேர் வருவார்கள். பிப்ரவரியில் நாலு பேர்கூட வர மாட்டார்கள். மணிக்கணக்கு எழுதி வைத்து, அடுத்த ஆண்டும் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்ற சின்னக் கட்டாயம் இருந்தால்தான் நாலு பேராவது மிஞ்சுவார்கள்.

குடத்துக்கு ஒரு டீஸ்பூன்

சாலையில் உப்பு போடும் வழக்கம் அமெரிக்காவில் 1940களின் தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் முறையாகத் தொடங்கியது. இன்று நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன். உப்பு கலந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேதான் உறையும் என்ற பள்ளிக்கூட அறிவியல்தான் அடிப்படை. குளிர் மைனஸ் 9 டிகிரி வாக்கில் போனதும் சாதாரண உப்புக்கு வேகம் போய்விடும். அப்போதும் சிலர் இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுகிறார்கள்.

எவ்வளவு உப்பு அதிகம்? நன்னீர் உயிர்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் பரிந்துரைத்த வரம்பு, லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடு (உப்பு கரையும்போது சோடியத்திலிருந்து பிரியும் மற்றப் பங்கு). கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டீஸ்பூன் உப்பு ஏறக்குறைய 6 கிராம், அதில் 3.6 கிராம் குளோரைடு; வகுத்தால் 15, 16 லிட்டர் வருகிறது. அதாவது நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன். ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில், யாரும் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று கொட்டி வைக்கும் உப்புக்கு எத்தனை ஆயிரம் குடம் தண்ணீர் தேவைப்படும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

கரைந்த குளோரைடு எங்கும் போகாது. மக்காது, ஆவியாகாது, செடிகளும் பெரிதாக உறிஞ்சாது. ஒரு பங்கு உடனே ஓடைக்கு ஓடுகிறது, மற்றொரு பங்கு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் சேர்கிறது. கோடையில் மழையில்லாத நாட்களில் ஓடையில் ஓடுவது அந்த நிலத்தடி நீர்தான். ஆகவே ஜூலையில்கூட ஜனவரி உப்பு ஊறிக்கொண்டிருக்கும். சுஜய் கௌஷல் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு வடகிழக்கு அமெரிக்க நன்னீர் ஆண்டுக்காண்டு உப்பாகிவருவதைக் காட்டியது. பால்டிமோர் புறநகர் ஓடைகளில் குளிர்காலத்துக் குளோரைடு சில சமயம் கடல்நீரில் கால்பங்கைத் தொட்டது. சென்சார் வைத்தவர்களுக்கு இதில் புதிதாகக் கிடைத்தது உள்ளூர் முகம். ‘வடகிழக்கு அமெரிக்கா’ என்பது யாருடைய வீட்டுக்கும் பின்னால் ஓடுவதில்லை. கிரம் கிரீக் ஓடுகிறது.

கிராஃபில் தெரியும் உச்சிகளை வைத்துக்கொண்டு ஆட்கள் மேலே நடந்தும் பார்க்கிறார்கள். முறை ரொம்ப எளிது. பனி உருகும் மதியத்தில் கையடக்க மீட்டரோடு ஓடை வழியே மேல்நோக்கிப் போக வேண்டும். இரண்டு கிளை சேரும் இடத்தில் இரண்டிலும் முக்கிப் பார்க்க வேண்டும். எதில் எண் அதிகமோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். கடைசியில் அநேகமாக ஒரு குழாய் வாயில் போய் நிற்பீர்கள். குழாய்க்கு மேலே ஒரு கார் நிறுத்துமிடமோ, மூடாமல் போட்ட உப்புக் குவியலோ இருக்கும். சென்சார் ‘எப்போது’ என்று சொன்னது. ‘எங்கே’ என்பதைக் கால்கள்தான் கண்டுபிடிக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பூச்சியைப் பற்றியது. அந்தச் சர்க்யூட் பலகைக்கு மேஃப்ளை என்ற பெயர் சும்மா வரவில்லை. மேஃப்ளை ஓடைப் பூச்சி. இறக்கை முளைத்தபின் ஓரிரு நாளே உயிரோடு இருக்கும் என்றதும் நமக்கு ஈசல் நினைவுக்கு வரும், ஆனால் இது வேறு இனம். வாழ்வின் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள் கல்லோடு கல்லாகப் புழுப்பருவத்தில் கழிக்கிறது. கேடு வந்தால் முதலில் காணாமல் போகிறவற்றில் ஒன்று. ஒயிட் கிளே கிரீக்கிலிருந்து எடுத்த ஒரு வகை மேஃப்ளையை ஸ்ட்ரௌட் மையத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவருகிறார்கள். அந்த இனத்துக்கு ஆணே தேவையில்லை. அந்த மையத்தின் ஜான் ஜாக்சனும் டேவிட் ஃபங்கும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு உப்பு குளிர்ந்த தண்ணீரைவிட வெதுவெதுப்பான தண்ணீரில் மேஃப்ளைகளை மிக அதிகமாகக் கொன்றது தெரியவந்தது.

இதை அந்த கிராஃபோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். எல்லோர் கண்ணும் ஜனவரியின் பயங்கரமான உச்சியில் இருக்கிறது. ஆனால் அப்போது தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது, பூச்சி ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. ஜூலையில் கோடு தட்டையாக, சாதுவாக, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் உயரத்தில் மட்டும் ஓடுகிறது, தண்ணீரோ சூடு. கவலைப்பட வேண்டியது அந்தச் சாதுவான கோட்டைப் பற்றியும்தான். வெப்பநிலையும் கடத்துதிறனும் ஒரே கம்பியில் இருப்பதால்தான் இரண்டையும் சேர்த்து யோசிக்கவே முடிகிறது.

நான்கு நாள் சராசரி

தன்னார்வலர் தரவு என்றதும் அதிகாரிகள் புருவத்தை உயர்த்துவது உலக வழக்கம். காரணம் இல்லாமலும் இல்லை. 1972இன் தூய நீர்ச் சட்டப்படி ஓர் ஓடை ‘கெட்டுப்போனது’ என்று பட்டியலில் ஏறினால் அதன் பின்னாலேயே செலவும் கட்டுப்பாடும் வரும். யாரோ ஆர்டுவினோவில் அளந்தார் என்பதை வைத்து அதைச் செய்ய மாட்டார்கள். எழுதி ஒப்புதல் வாங்கிய தரக்கட்டுப்பாட்டுத் திட்டம் வேண்டும், சென்சார் சரிபார்த்த பதிவு வேண்டும், ஆய்வகச் சோதனை வேண்டும்.

ஆனால் அந்த 230 மில்லிகிராம் வரம்பின் சிறு எழுத்தைப் படித்தால் ஒரு விஷயம் உறைக்கும். அது ஒரு தடவை எடுத்த மாதிரிக்கான எண் அல்ல. நான்கு நாள் சராசரி. கூடவே ஒரு மணி நேரச் சராசரியாக 860 மில்லிகிராம் என்று இன்னொரு வரம்பு. மூன்று ஆண்டில் சராசரியாக ஒரு தடவைக்கு மேல் இவற்றைத் தாண்டக் கூடாது. மாதம் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போகிறவர் நான்கு நாள் சராசரியை எப்படிச் சொல்வார்? 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நான்கு நாளில் 1,152 அளவீடுகள். 1988இல் எழுதிய வரம்பை நேர்மையாகச் சோதித்துப் பார்க்க இந்த மாதிரிக் கருவிதான் வேண்டியிருக்கிறது.

இடையில் ஒரு படி மட்டும் உண்டு. சென்சார் சொல்வது கடத்துதிறன், வரம்போ குளோரைடில். அதனால் ஒவ்வோர் ஓடையிலும் பல நாட்கள், குறிப்பாக உச்சி ஏறும் நாட்களில், பாட்டிலில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி இரண்டுக்குமான உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். குத்துமதிப்பாக 1,000 மைக்ரோசீமென்ஸைத் தொடும்போது 230ஐ நெருங்குகிறோம் என்பார்கள். சுண்ணாம்பு ஓடைக்கு அது பொருந்தாது. உச்சி ஏறும் நேரம் பெரும்பாலும் வழுக்கும் சாலையில் வண்டி ஓட்டக் கூடாத நேரம். ஓடைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் தன்னார்வலர் ஒருவர் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். இந்தச் செலவெல்லாம் கட்டாத இடங்களுக்கு ஐசக் வால்டன் லீக் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2018 முதல் குளோரைடு சோதனைத் தாள்களை இலவசமாக அனுப்புகிறது. துல்லியம் குறைவு, ஆனால் யார் வேண்டுமானாலும் சமையலறை ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இதனால் உப்பு குறைந்ததா? இங்கே நான் கொஞ்சம் நிதானமாகத்தான் பேசுவேன். தூவும் இயந்திரத்தின் அளவைச் சரிபார்ப்பது, பனிக்கு முன்பே உப்புக்கரைசலைத் தெளித்துவைப்பது, பனி போனபின் மிஞ்சிய உப்பைக் கூட்டி அள்ளுவது என்று வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சாலைத் துறையிடம் கிராஃபைக் காட்டிப் பேசலாம். தனியார் நிறுத்துமிடங்களோடு பேசுவது கடினம். அங்கே உப்பு போடுகிறவரை இயக்குவது வழுக்கி விழுபவரின் வக்கீல் மேலுள்ள பயம். நியூ ஹாம்ப்ஷயர் அந்த முடிச்சை நேராக அவிழ்த்தது: பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய ஒப்பந்தக்காரர்மேல் அப்படி எளிதில் வழக்குப் போட முடியாதபடி 2013இல் வழி செய்தது. சென்சார் எத்தனை வைத்தாலும் அது போன்ற சட்டம் தானாக வந்துவிடாது. இதை இந்தத் திட்டத்தின் தோல்வி என்று சொல்ல மாட்டேன், அதன் எல்லை அது. அதேபோல், முதலில் கேட்ட கேள்வி, மரம் நட்டதால் தண்ணீர் தேறியதா என்பது, இந்தச் சென்சார்களுக்குச் சற்றுப் பெரிய கேள்வி. மரம் வளர இருபது ஆண்டு ஆகும்; மானியம் மூன்று ஆண்டுக்கு வரும். எதைப் பார்க்க வைத்தார்களோ அது மங்கலாகத் தெரிந்தது, பார்க்க நினைக்காதது பளிச்சென்று தெரிந்தது.

அப்புறம், யாரும் எதிர்பார்க்காத ஓர் அடி ஓடையிலிருந்து வரவில்லை, செல்போன் கோபுரத்திலிருந்து வந்தது. 2022இல் அமெரிக்க நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தின. அதை நம்பியிருந்த பெட்டிகள் ஓடையை அளந்துகொண்டே இருந்தன, கார்டில் எழுதிக்கொண்டே இருந்தன, இணையத்துக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நிலையம் செத்ததாகத் தோன்றும். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, பழைய மாட்யூலைக் கழற்றி, 4ஜி மாட்யூலைச் செருகி, புது நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. என்விரோ டிஐஒய் அதற்கென்றே ஒரு மாட்யூலை உருவாக்கி விற்றது. அதைப் போய் மாட்டி, அப்படியே மறுபடி பிரஷை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது பெரும்பாலும் அதே ரப்பர் கால்சட்டைக்காரர்கள்தான்.